தலை எண்ண வந்த செவ்வாய்க்கிழமை

1

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாருக்குக் கடிதம் வந்தாலும் கடைசி வரி வரை படித்துவிடுவேன். மின்சார பில்லின் பின்பக்கம், மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், வீடு மாறி விழுந்த விளம்பரம், எதையும் விடுவதில்லை. என் மனைவி செல்வி, "இந்த ஊர்ல இதையெல்லாம் படிக்கிற ஒரே ஆளு நீங்கதான். எழுதினவனே படிச்சிருக்க மாட்டான்" என்பாள்.

வட இங்கிலாந்தின் இந்தச் சிறு நகரத்துக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. நகராட்சியின் வரைபடப் பிரிவில் வேலை. எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் போகிறது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். வந்த புதிதில் ஒரு படிவத்தில், முந்தைய முகவரி என்ற இடத்தில், 'பிள்ளையார் கோயில் எதிர்வீடு, நீடாமங்கலம் வழி' என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிய பெண்மணி வீட்டு எண் கேட்டார். எண் கிடையாது, தபால்காரருக்கு எங்களைத் தெரியும் என்றேன். அவர் என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு எண்ணுக்கான கட்டத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டார். அன்று முதல் எந்தப் படிவத்திலும் எந்தக் கட்டத்தையும் நான் காலியாக விடுவதில்லை.

போன மாதம் வந்த கடிதம் என் மகள் கயலுக்கு. இதே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம் ருஷ்ய மொழி படிக்கிறாள். ஏன் ருஷ்யன் என்று முதல் நாளே கேட்டேன். "ஏன் கூடாது?" என்றாள். அதற்கு மேல் பதில் வரவில்லை, இன்றுவரை. தோழிகளோடு வாடகை வீட்டில் இருக்கிறாள். சனிக்கிழமை காலையில் அழுக்குத் துணி மூட்டையோடு வருவாள். துணி துவைக்கும் இயந்திரம் ஓடி முடிகிற வரைக்கும் அவள் எங்கள் மகள்.

உறையைப் பிரித்து மேசையில் போட்டுவிட்டுத் தோசையை எடுத்துக்கொண்டாள். நான் எடுத்துப் படித்தேன். நான்கு பக்கம். நிதி நெருக்கடி காரணமாகத் துறைகள் மறுசீரமைக்கப்படுகின்றன. ருஷ்யன், போலிஷ் இரண்டும் ஐரோப்பியப் படிப்புகள் என்ற பெரிய துறைக்குள் சேர்க்கப்படும். தற்போது பயிலும் மாணவர்கள் பாதிக்கப்படாமலிருக்க எல்லா முயற்சியும் எடுக்கப்படும். நான்காம் பக்கத்தில் ஒரு படிவம், அதில் மூன்று கட்டங்கள். முதல் கட்டம், புதிய பெருந்துறைக்கு மாறுவது. அதில் ருஷ்ய மொழி ஒரே ஒரு பாடமாக இருக்கும். இரண்டாவது, அறுபது மைல் தள்ளி வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போவது. மூன்றாவது, இங்கேயே ருஷ்யனை முடிப்பது, ஆனால் 'போதிய எண்ணிக்கை இருந்தால்'. பதில் அனுப்பாதவர்கள் முதல் கட்டத்தைத் தேர்ந்ததாகக் கருதப்படுவார்கள். இந்தக் கடைசி வாக்கியம் மட்டும் எறும்பு அளவு எழுத்தில் இருந்தது. விளக்கக் கூட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை, விடுமுறை வாரத்தில்.

"கயல், இதைப் படிச்சியா?"

"முதல் பக்கம் படிச்சேன்."

"செவ்வாய்க்கிழமை கூட்டம் இருக்காம்."

"அந்த வாரம் நாங்க கடலுக்குப் போறோம்பா." பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள், நான் தமிழில் தருகிறேன். "ஒண்ணும் ஆகாது. பாதிப் படிப்புல இருக்கோம். நடுவுல எவனும் கை வைக்க மாட்டான்."

இதே வாக்கியத்தை நான் ஒரு பேருந்து நிலையத்தில் நின்று சொல்லியிருக்கிறேன். முப்பது வருஷத்துக்கு முன்னால், கிட்டத்தட்ட இதே வயதில்.

2

எழுபதுகளின் நடுவில் எங்கள் டெல்டாவில் ஊருக்கு ஊர் கல்லூரி முளைத்திருந்தது. கழக ஆட்சி வந்த பிறகு, அதுவரை கல்லூரிப் பக்கமே போகாத தெருக்களிலிருந்து பிள்ளைகள் பேருந்து ஏறினார்கள். நானும் ஏறினேன். அப்பா குத்தகை விவசாயி, மூன்று ஏக்கர். மிராசுதார் நிலத்தைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் வந்திருந்ததால், பதிவதற்குள் ஆளைக் கிளப்பிவிட வேண்டும் என்று அவருக்கு அவசரம். அப்பாவுக்கோ எப்படியாவது பதிந்துவிட வேண்டும் என்ற அவசரம். இருவரும் நேரில் பார்த்தால் வணக்கம் சொல்லிக்கொள்வார்கள். மற்றதெல்லாம் கோர்ட்டில்.

நான் எடுத்த பாடம் புவியியல். ஊரில் அதைச் சொன்னால், "அதைப் படிச்சு என்னடா செய்வே, பூமி எங்கயும் போயிடாதே" என்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. நில அளவைச் சங்கிலியைத் தரையில் இழுத்துக்கொண்டு போய், கரையையும் வாய்க்காலையும் தாளில் கொண்டுவந்துவிடலாம் என்பதே பெரிய ஆச்சரியமாக இருந்தது. ஒருமுறை செய்முறை வகுப்பில் வெண்ணாற்றுக் கரையில் நின்றபடி அந்தச் சங்கிலியை ஆற்றுக்குள் நழுவவிட்டேன். இரண்டு மணி நேரம் மொத்த வகுப்பும் முழங்கால் தண்ணீரில் தேடியது.

அந்த வகுப்பில் நாங்கள் பதினெட்டுப் பேர். மூன்றாம் வருஷத்து அண்ணன்கள் முடித்துப் போகிறவர்கள். முதல் வருஷத்தில் அந்த ஆண்டு ஆள் எடுக்கவே இல்லை. மானியம் குறைகிறது என்று பேச்சு. ஆக, துறை என்றால் நாங்கள்தான்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பில் சுற்றறிக்கை வாசித்தார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை மாணவர் எண்ணிக்கையைப் பார்க்க ஆய்வுக் குழு வருகிறது, எல்லோரும் தவறாமல் வர வேண்டும். சாயங்காலம் நீடாமங்கலம் பேருந்து நிலையத்தில் கூடி நின்று அதைத்தான் பேசினோம். தை மாதம் என்றால் சம்பா அறுப்பு. பாதிப்பேர் வீட்டில் கதிர் தலைசாய்ந்து நிற்கிறது. எங்கள் வீட்டிலும் அந்தச் செவ்வாய்தான் அறுப்பு.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "போங்கடா, அறுத்துட்டு வருவோம். பாதிப் படிப்புல இருக்கோம். நடுவுல எவனும் கை வைக்க மாட்டான்."

இதை வெறும் தைரியத்தில் சொல்லவில்லை. என் கண்ணால் பார்த்த ஒரு வழக்கத்தை நம்பிச் சொன்னேன். எங்கள் பக்கம் குத்தகைக்காரருக்கும் மிராசுதாருக்கும் எவ்வளவு பகை இருந்தாலும், நடவு முடிந்துவிட்டால் அறுப்பு வரைக்கும் அந்த வயலில் மிராசுதாரின் ஆட்கள் இறங்க மாட்டார்கள். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது கோர்ட் உத்தரவை நிறைவேற்றுகிற அமீனா, எங்களை வயலிலிருந்து வெளியேற்ற வந்தார். வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று வயலைப் பார்த்தார். "பயிர் நிக்குதே" என்றார். அப்பா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "அறுப்பு முடியட்டும், வர்றேன்" என்று போய்விட்டார். அடுத்த நடவுக்குள் அப்பா ஒரு தடை உத்தரவு வாங்கிவிட்டார். பயிர் நிற்கிறவரை யாரும் கை வைக்க மாட்டார்கள் என்பதில் எனக்கு வெயில், மழை மாதிரி நம்பிக்கை. பாதிப் படிப்பில் நிற்கிற நாங்களும் பயிர்தானே என்று நினைத்தேன்.

கொஞ்சம் தள்ளி, தனபாக்கியம் நின்றிருந்தார். எங்கள் ஊர்தான், காலனித் தெரு. அப்பா அம்மா இருவரும் விவசாயக் கூலிகள். அந்தத் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் அவர். எங்கள் வகுப்பில் படம் வரைவதில் அவர் கைக்கு நிகர் கிடையாது. நாங்கள் ஒருவரையொருவர் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவோம், அதுவும் அபூர்வமாக. அன்றைக்கு நான் பெரிய மனுஷத்தனமாகத் திரும்பி, "நீங்களும் அறுப்பை முடிச்சிட்டு மெதுவா வாங்க. ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"சரிங்க" என்று சிரித்தார்.

3

செவ்வாய்க்கிழமை எங்கள் வயலில் அறுப்பு நடந்தது. குழு வந்தது, போனது. அதைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. தேர்வு வந்தது, விடுமுறை வந்தது. ஆனி மாதம் கல்லூரி திறந்த அன்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆய்வு நாளன்று இரண்டாம் ஆண்டு வகுப்பில் இருந்தவர்கள் ஏழு பேர். போதிய மாணவர் இன்மையால் துறை வரலாற்றுத் துறையுடன் இணைக்கப்படுகிறது. தற்போதைய மாணவர்கள் வரலாற்றில் மீண்டும் முதலாம் ஆண்டில் சேரலாம். அல்லது திருச்சியில் ஒரு கல்லூரியில் புவியியலைத் தொடரலாம்.

எனக்குத் திருச்சியில் சித்தப்பா வீடு இருந்தது. போய் முடித்தேன். தனபாக்கியம் போகவில்லை. அந்த வருஷமே படிப்பை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பிறகு பட்டுக்கோட்டைப் பக்கம் கல்யாணம் என்றார்கள். அந்த ஏழு பேர் யார் யார் என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. என் பேச்சைக் கேட்டு வராதவர்களில் அவரும் ஒருவர் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று நினைத்தேன்.

இதையெல்லாம் அந்தச் சனிக்கிழமை கயலிடம் சொன்னேன். பாதித் தமிழ், பாதி ஆங்கிலம். அமீனாவுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று தெரியாமல் போலீஸ்காரர் என்றேன். பிறகு அவர் மோர் குடித்ததைச் சொன்னதும் அவளுக்குக் குழப்பமாகிவிட்டது. ஆனாலும் தோசையை ஆற விட்டுவிட்டுக் கேட்டாள். ஒரு பெண்ணின் படிப்பை ஒரு வார்த்தையால் கெடுத்தவன் என்று முப்பது வருஷமாக என்னை நினைத்துக்கொண்டிருக்கிறேன். பெண்ணைப் பெற்ற பிறகு அது இன்னும் உறுத்தியது.

கயல் கேட்டது இதுதான். "அந்த ஆன்ட்டி இப்ப என்ன செய்றாங்க?"

"தெரியாது."

"நீங்க சொன்னதுனாலதான் போகலைன்னு அவங்க சொன்னாங்களா?"

"இல்ல."

"நீங்க கேக்கவே இல்லையா? அப்பா, பக்கத்து வீட்டு லெட்டரையே கடைசி வரைக்கும் படிக்கிறவர் நீங்க."

இயந்திரம் நின்றுவிட்டது. அவள் துணியை மூட்டை கட்டிக்கொண்டு போனாள். படிவம் மேசையிலேயே கிடந்தது.

4

என் தம்பி இன்னும் ஊரில்தான் இருக்கிறான். வழக்கு எப்படியோ தேறி, அந்த மூன்று ஏக்கர் இப்போது அவன் சாகுபடியில். தனபாக்கியத்தின் அண்ணனிடம் கேட்டுத் தொலைபேசி எண்ணை வாங்கித் தர ஒரு வாரம் ஆயிற்று. "எதுக்குண்ணே இப்ப திடீர்னு?" என்று நாலு தடவை கேட்டான். எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை, அங்கே பிற்பகல். வெளிநாட்டு அழைப்புக்கு வாங்கிய அட்டையில் மறைந்திருந்த எண்ணைச் சுரண்டி, அந்தப் பதினாறு இலக்கத்தையும் இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவது தடவை மணி அடித்தது. கயல் கேட்க வேண்டும் என்றாள், ஒலிபெருக்கியில் போட்டேன்.

"யாருங்க?"

"நான் செழியன் பேசுறேங்க. காலேஜ்ல உங்ககூட புவியியல் படிச்ச..."

"சங்கிலியை ஆத்துல போட்ட செழியனா?"

கயல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நலம் விசாரித்தோம். பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறாராம். பையன் கப்பலில், பெண் நர்ஸ். அங்கன்வாடிச் சுவரில் காவிரியும் அதன் கிளை ஆறுகளும் முழுக்க வரைந்து வைத்திருக்கிறாராம். "மேக்கேருந்து போட்டுக்கிட்டே வந்தேன். வேதாரண்யம் வர்றதுக்குள்ள சுவரு முடிஞ்சிடுச்சு. கடலைப் பக்கத்துச் சுவருக்கு மடக்கிட்டேன். புள்ளைங்க கடலு மூலையில திரும்புதுன்னு நெனைக்குதுங்க" என்றார். எனக்கு அந்தச் சுவரைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

பிறகு நான் அழைத்த விஷயத்தைச் சொன்னேன். பேருந்து நிலையம், என் பேச்சு, அவர் சொன்ன 'சரிங்க'. அதனால்தான் அவர் அன்றைக்கு வராமல் போனார், துறை மூடியது, படிப்பு நின்றது. இத்தனை வருஷமாக அது மனதில் இருக்கிறது, மன்னிக்க வேண்டும் என்றேன்.

"நான் அன்னிக்கு வந்தேனே" என்றார்.

"எங்க?"

"காலேஜுக்கு. ஏழு பேருல நானும் ஒருத்தி. மொத பெஞ்சுல உக்காந்திருந்தேன்."

"சரிங்கன்னு சொன்னீங்களே?"

"நீங்க சொன்னீங்க, சரின்னேன். பஸ் ஸ்டாண்டுல நின்னு உங்ககூட மல்லுக்கட்ட முடியுமா?" சிரித்தார். "அதுவுமில்லாம எங்களுக்கு அன்னிக்கு அறுப்பு எங்க இருந்துச்சு? அந்த வருஷம் எங்க தெருவுல கூலி கூடுதலாக் கேட்டாங்கன்னு உங்க அப்பா வெளியூர் ஆளை இறக்கினாரே. லாரியில வந்தாங்களே, மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. லாரி நினைவிருந்தது. கதிர் அரிவாளோடு பெண்கள் இறங்கியதும், அவர்களுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்ததும் நினைவிருந்தது. அவர்கள் ஏன் லாரியில் வந்தார்கள் என்ற கேள்விதான் எனக்கு வரவே இல்லை. மிராசுதார் எங்களைக் கிளப்பப் பார்த்த கதையை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அதே வருஷம் நாங்கள் ஒரு தெருவையே அறுப்பிலிருந்து கிளப்பியதை ஒரு தடவைகூட யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு ஒரு கதை என்று அதை நான் நினைத்ததே இல்லை. வெட்கமாக இருந்தது.

"பயிர் நிக்கிறப்ப எவனும் கை வைக்க மாட்டான்னு நம்பித்தாங்க அப்படிச் சொன்னேன்" என்றேன்.

"அது உங்க வீட்டு வழக்கம். எங்க தெருவுக்குப் பயிர் நிக்கிறப்பதான் வேலை போவும். கதிர் முத்தின அப்புறந்தானே லாரி வரும்?" குரலில் கோபம் இல்லை. மழை எப்போது வரும் என்று சொல்வது போலச் சொன்னார். "அதான் ஆளு எண்ண வர்றாங்கன்னதும் எனக்குப் புரிஞ்சிடுச்சு. கிளம்பி வந்துட்டேன்."

"வந்தவங்க என்ன கேட்டாங்க?" முப்பது வருஷம் கேட்காமல் விட்ட கேள்வி.

"ஒண்ணும் கேக்கலை. வாசல்ல நின்னு வெரலாலே எண்ணினாங்க. பேரு கேக்கலை. நான் வரைஞ்ச படத்தை மடியில வெச்சிருந்தேன், கேட்டா காட்டலாம்னு."

அவருடைய அப்பா சேர்த்துவிட முடியாது என்று சொன்னதால்தான் திருச்சி நடக்கவில்லையாம். வரலாறு என்றால் மறுபடி முதல் வருஷம். "ரெண்டு வருஷம் படிச்சதை ஒண்ணுமில்லைன்னு சொன்னா எப்படிங்க? வேணாம்னுட்டேன்" என்றார். என் பெயர் அந்தக் காரணங்களில் எங்குமே இல்லை. நிம்மதியாக இருக்க வேண்டியது. எனக்கு ஏனோ அதுவும் உறைத்தது.

இதுவரை கேட்டுக்கொண்டிருந்த கயல் திடீரென்று தொலைபேசிப் பக்கம் குனிந்து, தன் தமிழில் கேட்டாள். "ஆன்ட்டி, நான் கயல். நீங்க ஏன் போனீங்க? போயும் அவங்க மூடிட்டாங்க. வேஸ்ட்தானே?"

"உங்க பொண்ணா? நல்லாத் தமிழ் பேசுதே" என்றார். பிறகு கயலிடம், "வேஸ்ட் இல்லம்மா. நான் போகாம இருந்திருந்தா, நான் வராததாலதான் மூடினாங்கன்னு ஆயிடும்ல? உங்க அப்பா அதைத்தானே இத்தனை வருஷம் நெனைச்சுக்கிட்டு இருக்காரு. நான் போனேன். என்னை எண்ணிட்டுத்தான் மூடினாங்க. மூடினது அவங்க" என்றார்.

அட்டையில் காசு தீர்ந்து இணைப்பு அறுந்தது. கயல் ஒலிபெருக்கியை அணைத்தாள். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, "அந்த ஃபார்ம் எங்கப்பா?" என்றாள்.

5

அவள் வகுப்பில் பன்னிரண்டு பேர். கடல் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தாள். எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்துகொண்டே பேசினாள், அதனால் எனக்கும் காதில் விழுந்தது. ஒளித்துவைப்பானேன், விழுகிற இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பாதிப்பேர் படிவத்தையே பார்க்கவில்லை. இரண்டு பேர் பிஸ்கட் தொழிற்சாலையில் விடுமுறை வேலைக்குப் போகிறார்கள். ஒரு பெண், ஹெலன், மலைப்பக்கம் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் குடும்பம். இது ஆடுகள் குட்டி போடும் காலம், வீட்டைவிட்டு நகர முடியாது என்றாளாம்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "அறுப்பு!" என்றேன்.

"அப்பா, ப்ளீஸ்" என்றாள் கயல்.

ஆனால் ஹெலனை அவள் விடவில்லை. கடைசி வரியை வாசித்துக் காட்டினாள். பதில் அனுப்பாதவர்கள் என்ன ஆவார்கள் என்பதை மூன்று தடவை சொன்னாள். அவள் குரலில் அவ்வளவு பொறுமை இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கூட்டத்துக்கு வீட்டார் வரலாம் என்று கடிதத்தில் இருந்தது. வரவா என்று கேட்டேன். "பேச மாட்டீங்கன்னா வாங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. சின்ன அறை. முன்னால் பல்கலைக்கழக அதிகாரி ஒரு பெண், கையில் காகிதக் கட்டு. பின்வரிசையில் கயலின் ருஷ்ய மொழி ஆசிரியை இரினா, மேலங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். எந்த நேரமும் எழுந்து போகச் சொல்லிவிடுவார்கள் என்பது போல ஒரு உட்கார்வு. கடைசியாக ஹெலன் வந்தாள். அவளைக் காரில் கொண்டுவந்த அம்மாவும் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பூட்ஸில் ஈரச் சேறு. பதினொன்றாவது குட்டி விடியற்காலையில் பிறந்ததாக என்னிடம் சொன்னார். வாழ்த்துச் சொன்னேன்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அவர் விரல் மெல்ல அசைவதை நான் பார்த்தேன். கயலும் பார்த்தாள். பன்னிரண்டு.

அரை மணி நேரம் விளக்கம் நடந்தது. பிறகு கயல் கையைத் தூக்கினாள். "போதிய எண்ணிக்கை என்று எழுதியிருக்கிறீர்கள். அது எத்தனை?"

அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். குறிப்பிட்ட எண் எதுவும் இன்னும் முடிவு செய்யப்படவில்லை என்றார்.

"அப்படியானால், இன்றைக்கு நாங்கள் எத்தனை பேர் என்று எழுதிக்கொள்ளுங்கள். பெயர்களோடு" என்றாள் கயல். "எங்கள் பன்னிரண்டு பேரும் மூன்றாவது கட்டம்."

கட்டாக வைத்திருந்த படிவங்களைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேசக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தாள், அழக்கூடாது என்று சொல்லவில்லை.

வருகைத் தாள் சுற்றி வந்தது. என் கைக்கு வந்ததும், மாணவர்களுக்குத்தானே என்று ஹெலனின் அம்மாவிடம் நகர்த்தினேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடமே திருப்பி வைத்தார். "அறையில் இருக்கிற எல்லோரும்" என்று மேலே எழுதியிருந்ததை விரலால் காட்டினார். கடைசி வரி வரை படிக்கிறவன், முதல் வரியைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

6

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. சனிக்கிழமை கயல் துணி மூட்டையைக் கீழே போட்டுவிட்டு, அதை நின்றபடியே கடைசி வரி வரை படித்தாள். தற்போதைய மாணவர்கள் ருஷ்ய மொழிப் படிப்பை இங்கேயே முடிக்கலாம். அதுவரை இரினா பணியில் தொடர்வார். அதன் பிறகு துறை இருக்காது. வருகிற ஆண்டு முதல் புதிய சேர்க்கை கிடையாது.

கயல் துள்ளவில்லை. "இரினா அதுக்கப்புறம் என்ன செய்வாங்க?" என்று மட்டும் கேட்டாள். திங்கட்கிழமை நேரில் போய்க் கேட்கப் போவதாகச் சொன்னாள்.

தனபாக்கியத்துக்குச் சொல்ல வேண்டும் என்று அட்டையைச் சுரண்டினேன். அங்கன்வாடியில் இருந்தார்; பின்னால் பிள்ளைகள் சத்தம். நடந்ததைச் சொன்னேன். ஆட்டுப் பண்ணையைச் சொன்னபோது சிரித்தார். விரலால் எண்ணியதைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

"நிக்கிற பயிரை அறுத்துக்கலாம்னுட்டாங்க. சரி, நல்லது" என்றார். "அடுத்த வருஷம் படிக்கலாம்னு நெனைச்சிருக்கிற புள்ளைங்களுக்கு?"

"அவங்களுக்கு எதுவும் சொல்லலீங்க. நாங்களும் கேக்கலை."

"கேட்டிருக்கலாம்."

"ஆமாங்க."

யாரோ ஒரு குழந்தை அவரைக் கூப்பிட்டது. இருடா என்றார். "பன்னெண்டு பேரும் வந்துட்டாங்களா அன்னிக்கு? ஒருத்தர் விடாம?"

"ஒருத்தர் விடாம."

"நீங்க?"

"நானும் போயிருந்தேன். கையெழுத்துப் போட்டேன்."

"அப்பாடா" என்றார் தனபாக்கியம். "இப்பவாவது வந்தீங்களே."